பிரிட்டானியா பீங்கான் உருவமும் வாலிகண்டபுரப் போரும்

பிரிட்டானியா என்பது பிரித்தானிய நாட்டைப் பெண்ணாக உருவகித்த வடிவம். தலைக்கவசமும் ஈட்டியும் கேடயமும் தாங்கி, பெரும்பாலும் சிங்கத்தின் அருகில் காட்டப்படுபவள். 18-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தின் பீங்கான் பட்டறைகள் இவ்வுருவத்தைச் சிறு சிலையாக வார்த்து விற்றன. ஏறத்தாழ 1751 முதல் 1770 வரையிலான இருபது ஆண்டுகளே இச்சிலைகளின் முக்கியமான காலம்.

தமிழ்நாட்டில் கருநாடகப் போர்கள் நடந்த காலமும் அதுவே. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகள் அப்போது ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் மாறி மாறிக் கடந்து சென்ற வழியில் இருந்தன. 1751-இல் வாலிகண்டபுரத்தில் இரு படைகளும் மோதின. இலண்டனில் பீங்கானில் வடிக்கப்பட்ட பிரிட்டானியாவையும் அவள் பெயரால் நடந்த போரின் களத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, நாட்டுப்பற்றுச் சின்னம் ஒன்று எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பது தெளிவாகிறது.

பிரிட்டானியா உருவின் தோற்றம்

பிரிட்டானியா என்பது உரோமானியர் பிரித்தானியத் தீவுக்கு இட்ட பெயர். உரோமப் பேரரசர் ஹேட்ரியன், அவருக்குப் பின் வந்த அன்டோனினஸ் பயஸ் ஆகியோரின் நாணயங்களில் பாறைமீது அமர்ந்த பெண்ணாக அவள் பொறிக்கப்பட்டாள். அன்று அவள் வெற்றி பெற்ற நாட்டின் சின்னம் அல்லள். உரோமுக்கு அடங்கிய ஒரு மாகாணத்தின் சின்னம். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1672-இல் இரண்டாம் சார்லஸ் வெளியிட்ட செப்பு நாணயங்களில் அவ்வுருவம் மீண்டும் தோன்றியது. அடிமைப்பட்ட மாகாணத்தைக் குறித்த பெண்ணுருவம் இப்போது கடலை ஆளும் நாட்டைக் குறிக்கலாயிற்று.

1740-இல் ஜேம்ஸ் தாம்சன் எழுதி தாமஸ் ஆர்ன் இசையமைத்த 'ரூல் பிரிட்டானியா' என்ற பாடல் இவ்வுருவத்தை மக்களிடம் பரப்பியது. 'ஆல்ஃபிரட்' என்னும் இசை நாடகத்தின் பகுதியாக, வேல்ஸ் இளவரசர் ஃபிரெடெரிக்கின் கிளிவ்டன் மாளிகையில் அது முதன்முதலில் அரங்கேறியது. இவ்விளவரசர் பின்னர் பீங்கான் உருவங்களின் வரலாற்றிலும் வருகிறார்.

பிரிட்டானியாவின் கையிலிருப்பவை காலத்துக்கு ஏற்ப மாறின. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவள் ஈட்டியும் ஒலிவக் கிளையும் ஏந்தினாள். முன்னது போரையும் பின்னது அமைதியையும் குறித்தன. கேடயத்தில் நாட்டின் கொடிச் சிலுவை இருந்தது. கடலாட்சியைக் குறிக்கும் திரிசூலம் 1797-ஆம் ஆண்டின் செப்பு நாணயத்தில் அவள் கைக்கு வந்தது. எனவே 1750-களின் பீங்கான் பிரிட்டானியா இன்று பலரும் அறிந்த திரிசூலக்காரி அல்லள்.

இங்கிலாந்தில் பீங்கான்

தமிழில் வழங்கும் 'பீங்கான்' என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பொருள் சீனாவுடையது. சீனக்களி எனப்படும் வெண்களிமண்ணையும் ஒருவகைப் பாறைத்தூளையும் சேர்த்து மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, ஒளி ஊடுருவும் கெட்டியான கலத்தைச் சீனர் உருவாக்கினர். ஐரோப்பியர் இம்முறையை நெடுங்காலம் அறியவில்லை. 1710-இல் ஜெர்மனியின் மெய்சன் நகரில் நிறுவப்பட்ட தொழிற்சாலையே ஐரோப்பாவில் உண்மையான கெட்டிப் பீங்கானைத் தொடர்ச்சியாக உற்பத்தி செய்த முதல் இடம்.

இங்கிலாந்து இத்துறையில் பிந்தியே நுழைந்தது. 1740-களில் இலண்டனின் செல்சீ, போ ஆகிய பட்டறைகளும், 1750-களில் டார்பி, ஸ்டாஃபோர்டுஷயரின் லாங்டன் ஹால், உஸ்டர் முதலியனவும் தொடங்கின. இவற்றின் தயாரிப்புகள் பெரும்பாலும் 'மென் பீங்கான்' வகையைச் சேர்ந்தவை. வெண்களிமண்ணுடன் அரைத்த கண்ணாடிக் கலவையைச் சேர்த்துச் சற்றுக் குறைந்த வெப்பத்தில் சுடுவது அம்முறை. போ பட்டறையினர் சுட்ட எலும்பின் சாம்பலையும் கலந்தனர். இங்கிலாந்தில் கெட்டிப் பீங்கானுக்கான காப்புரிமையை வில்லியம் குக்வொர்த்தி 1768-இல் பெற்றார்.

போ பட்டறை தன்னைப் 'புதிய கான்டன்' என்று அழைத்துக்கொண்டது. அப்பெயரும் 1750, 1751 ஆகிய ஆண்டுகளும் எழுதப்பட்ட மைக்கூடுகள் இன்றும் உள்ளன. சீனத் துறைமுகமான கான்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாகக் கொண்டுவந்த பீங்கானுக்குப் போட்டியாக உள்நாட்டுப் பொருளை விற்பதே அவர்கள் நோக்கம்.

இப்போட்டிக்கு நாட்டுப்பற்று வடிவம் இருந்தது. பிரெஞ்சுப் பொருள்களை வாங்கக்கூடாது, உள்நாட்டுக் கைத்தொழிலை ஆதரிக்க வேண்டும் என்ற நோக்குடன் 1745 அளவில் இலண்டனில் 'பிரெஞ்சு எதிர்ப்புச் சங்கம்' ஒன்று தோன்றியது. இதற்கும் முன்பே, இந்தியத் துணிகளுக்கு எதிராக அங்கு சட்டங்கள் வந்திருந்தன. 1700-இல் அச்சிட்ட, வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளின் இறக்குமதிக்கும், 1721-இல் பெரும்பாலான அச்சுப் பருத்தித் துணிகளின் பயன்பாட்டுக்கும் தடை விதிக்கப்பட்டது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சென்ற துணிகளும் இவற்றில் அடங்கும். அயல்நாட்டுப் பொருளை விலக்கி உள்நாட்டுப் பொருளை வாங்குவது நாட்டுக்குச் செய்யும் தொண்டு என்ற எண்ணம் இவ்வாறு வளர்ந்த சூழலில்தான் பிரிட்டானியா பீங்கானில் வடிவெடுத்தாள்.

உருவம் செய்யப்பட்ட முறை

முதலில் சிற்பி களிமண்ணிலோ மெழுகிலோ மூல உருவத்தைச் செய்வார். அதைத் தலை, கை, உடல், ஆயுதம் எனத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சாந்து அச்சு எடுக்கப்படும். சில பட்டறைகளில் களிமண் குழம்பை அச்சினுள் ஊற்றினர். சிலவற்றில் பிசைந்த களியை அச்சில் அழுத்தினர். பின்னர் தேர்ந்த தொழிலாளி ஒருவர் துண்டுகளைக் களிக்குழம்பால் ஒட்டி முழு உருவமாக்குவார். சூளையில் சுட்டபின் பளபளப்புப் பூச்சு இட்டு மறுபடியும் சுடுவர். வண்ணமும் பொன்னும் தீட்டப்படும் உருவங்கள் மேலும் ஒருமுறை குறைந்த சூட்டில் சுடப்படும்.

டார்பி உருவங்களின் அடியில் மூன்று நான்கு வட்டத் தழும்புகள் காணப்படும். சூளையில் உருவம் ஒட்டிக்கொள்ளாதபடி வைக்கப்பட்ட சிறு களிமண் உருண்டைகளின் தடங்கள் அவை. பட்டறை முத்திரை இல்லாத உருவங்களை அடையாளம் காண ஆய்வாளர்கள் இன்றும் இத்தடங்களைப் பயன்படுத்துகின்றனர்.

இத்தகைய உருவங்கள் தொடக்கத்தில் விருந்து மேசைக்கானவை. அதற்கு முன் செல்வர் வீட்டு விருந்தின் இறுதியில் இனிப்புகளுக்கு நடுவே சர்க்கரைப் பாகில் செய்த பொம்மைகளை வைப்பது வழக்கம். அவை கரைந்துபோகும், பீங்கான் பொம்மைகள் நிலைத்தன. நாளடைவில் அவை மேசையிலிருந்து கணப்பு மாடத்துக்கும் கண்ணாடி அலமாரிக்கும் சென்றன. பிரிட்டானியா விருந்தினர் உண்ணும்போதும் உரையாடும்போதும் பார்க்கும் இடத்தில் இருந்தாள்.

மூன்று பிரிட்டானியாக்கள்

முதலாவது, 1751 அளவில் இலண்டனில் செய்யப்பட்ட துயருறும் பிரிட்டானியா. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இளவரசர் ஃபிரெடெரிக் இறந்தார். அவருடைய உருவப் பதக்கத்துடன் அமர்ந்து பிரிட்டானியா அழுவதாக இந்த வெண்ணிறப் பீங்கான் உருவம் அமைந்தது. தன் புகழ்பாடும் பாடலை அரங்கேற்றியவருக்காக அவள் அழுகிறாள். இதில் போரோ வெற்றியோ இல்லை.

இரண்டாவது, 1759 அளவில் லாங்டன் ஹாலில் செய்யப்பட்டது. இதில் அவள் மன்னர் இரண்டாம் ஜார்ஜின் முகம் பொறித்த பதக்கத்துடன் உயர்ந்த பீடத்தில் அமர்ந்திருக்கிறாள். பீடத்தின் பக்கங்களில் அச்சுப்படங்கள் உள்ளன. இலிவர்ப்பூலின் ஜான் சேட்லர் இவற்றை அச்சிட்டதாகக் கருதப்படுகிறது. 1759 ஆங்கிலேயர் 'வியத்தகு ஆண்டு' என்று கொண்டாடிய ஆண்டு. ஏழாண்டுப் போரில் கியூபெக், மின்டன், கடற்போர்கள் எனத் தொடர்ந்து வெற்றிகள் வந்தன. கியூபெக்கில் இறந்த தளபதி உல்ஃப், ஜெர்மனியில் போரிட்ட கிரான்பி பிரபு ஆகிய இருவரின் உருவங்களையும் போ பட்டறை 1760 அளவில் இணையாகச் செய்து விற்றது. போர்ச்செய்தி செய்தித்தாளில் வந்ததும் அதன் நாயகர் மேசைப் பொம்மையாக வந்துவிட்டார். லாங்டன் ஹால் பட்டறை 1760-இல் மூடப்பட்டது. வெற்றிச் சின்னத்தைச் செய்தவர்கள் வணிகத்தில் நிலைக்கவில்லை.

மூன்றாவது, 1765 முதல் 1770 வரையில் டார்பியில் செய்யப்பட்டது. வில்லியம் டியூஸ்பரியின் அப்பட்டறை இவ்வுருவத்தை வண்ணத்துடன் பெருமளவில் விற்றது. இங்கு பிரிட்டானியா நிற்கிறாள். தலையில் இறகு சூடிய கவசம், மார்பில் கவசம், பூக்கள் தீட்டிய ஆடை, பக்கத்தில் கேடயம், காலடியில் சிங்கம். சுற்றிலும் கொடி, முரசு முதலிய போர்க்கருவிகள் குவிந்து கிடக்கும். உயரம் ஓர் அடியைச் சற்றுத் தாண்டும். போர் முடிந்து 1763-இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. அழுதவள் எழுந்து நின்றுவிட்டாள்.

வாலிகண்டபுரம், 1751

வாலிகண்டபுரம் பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பழைய ஊர். வாலீசுவரர் கோயிலும் நவாபு காலத்துப் பள்ளிவாசலும் இங்குள்ளன. அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டை 17-ஆம் நூற்றாண்டில் கருநாடக நவாபின் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவரால் கட்டப்பட்டது. ஆங்கிலேயர் 'வால்கொண்டா' என்று எழுதிய போர்க்களம் இப்பகுதியே. கம்பெனி ஊழியராக இருந்து வரலாறு எழுதிய இராபர்ட் ஓர்ம் இவ்விடத்தை விவரித்திருக்கிறார். பாறைக்குன்றைச் சுற்றி அடுக்கடுக்காக மூன்று மதில்கள், குன்றின் கிழக்கே சமவெளியில் கற்கோட்டை, அதையொட்டி மண்சுவர் சூழ்ந்த பேட்டை என்பது அவர் தரும் வருணனை.

போரின் காரணம் ஆர்க்காட்டு நவாபு பதவி. பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபையும் ஆங்கிலேயர் முகமது அலியையும் ஆதரித்தனர். ஐரோப்பாவில் 1748-ஆம் ஆண்டின் ஏலா சப்பேல் உடன்படிக்கையால் இரு நாடுகளும் அமைதியில் இருந்தன. எனவே இங்கு அவை நவாபுகளின் துணைப்படை என்ற பெயரிலேயே போரிட்டன. இருந்தும் கொடிப் போட்டி குறையவில்லை. கடலூருக்கு அருகில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை எல்லையைச் சுற்றிய வயல்களில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே வெள்ளைக் கொடிகளை நடச் செய்ததாக ஓர்ம் குறிப்பிடுகிறார். அக்காலத்தில் வெள்ளை பிரெஞ்சு அரசகுலத்தின் கொடி நிறம்.

1751 ஏப்ரலில் கேப்டன் ஜின்ஜன்ஸ் தலைமையில் ஆங்கிலேயப் படை புறப்பட்டது. அதில் 500 ஐரோப்பியர், 100 காப்பிரிகள், 1000 சிப்பாய்கள், 8 பீரங்கிகள் இருந்தன. காப்பிரிகள் என்று கம்பெனி ஆவணங்கள் குறித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். தலைவரான ஜின்ஜன்ஸ் சுவிட்சர்லாந்துக்காரர். பிரிட்டானியாவின் பெயரால் சென்ற இப்படையில் பிரித்தானியர் ஒரு பங்கினர் மட்டுமே. விருத்தாசலத்தைக் கைப்பற்றிய பின், முகமது அலியின் சகோதரர் அப்துல் வகாபின் படையும் சேர்ந்துகொள்ள, அவர்கள் வாலிகண்டபுரத்தை அடைந்தனர்.

எதிரே தோத்தேய் என்னும் பிரெஞ்சுத் தளபதியுடன் சந்தா சாகிபின் பெரும்படை நின்றது. கோட்டையை வைத்திருந்த கில்லேதார் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் வெல்லும் என்று தெரியும்வரை இரு தரப்புடனும் பேச்சு நடத்தினார். ஏறத்தாழ இரண்டு வாரம் இப்படிக் கழிந்தது. பொறுமையிழந்த ஜின்ஜன்ஸ் இரவில் பேட்டையைத் தாக்கித் தீயிட்டார். கற்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. சினமுற்ற கில்லேதார் பிரெஞ்சுக்காரரை அழைத்தார்.

மறுநாள் நடந்த மோதலில் ஆங்கிலேயப் படையின் ஐரோப்பிய வீரர்கள் திடீரென்று அஞ்சிப் பின்வாங்கினர். ஜின்ஜன்ஸ், டால்டன், கில்பாட்ரிக் ஆகிய கேப்டன்களும், அப்போது லெப்டினன்டாக இருந்த இராபர்ட் கிளைவும் தடுத்துப் பார்த்தும் பயனில்லை. குதிரையில் வந்த அப்துல் வகாபு அவர்களை இகழ்ந்து, இன்னும் களத்தில் நிற்கும் காப்பிரிகளைச் சுட்டிக்காட்டினார். கம்பெனியின் ஐரோப்பியர் ஓடியபோது, இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் சுமந்து மீட்டவர்கள் அந்த ஆப்பிரிக்க வீரர்களே. இதைப் பதிவு செய்தவர் ஓர்ம். கம்பெனிக்கு எதிரானவர் அல்லர். படை ஊத்தத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது.

இந்தத் தோல்வியின் விளைவு பெரிது. திருச்சிராப்பள்ளி முற்றுகையிடப்பட்டது. அம்முற்றுகையைத் தளர்த்த, சந்தா சாகிபின் தலைநகரான ஆர்க்காட்டைத் தாக்கலாம் என்ற திட்டம் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் 200 ஐரோப்பியருடனும் 300 சிப்பாய்களுடனும் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டு ஆர்க்காட்டைப் பிடித்தார். பின் 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். பிரித்தானியப் பாடநூல்கள் ஆர்க்காட்டிலிருந்தே கதையைத் தொடங்குவது வழக்கம். ஆர்க்காட்டுக்குக் காரணமான வாலிகண்டபுரம் அடிக்குறிப்பாக நின்றுவிட்டது.

1752: மூடிய கதவு

அடுத்த ஆண்டு நிலை மாறியது. பிரெஞ்சுப் படை திருவரங்கத்தில் சூழப்பட்டிருந்தது. அதற்கு உதவி கொண்டுவந்த தோத்தேயைக் கிளைவ் எதிர்த்துச் சென்றார். தோத்தேய் பின்வாங்கி வாலிகண்டபுரத்தை அடைந்தபோது, முந்தைய ஆண்டு அவரை அழைத்த கோட்டை இம்முறை புகலிடம் தரவில்லை. 1752-இன் கோடையில் அவர் தம் படையுடன் சரணடைந்தார். சில நாள்களில் திருவரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படையும் பணிந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார்.

வாலிகண்டபுரப் போரில் ஆங்கிலேயர் வென்றனர் என்றும் தோற்றனர் என்றும் இருவிதமாக எழுதப்படுவதற்குக் காரணம் இந்த இரு நிகழ்வுகளும் ஒன்றாகக் கலந்துவிட்டதே. 1751-இல் அவர்கள் பின்வாங்கினர், 1752-இல் வென்றனர். இரண்டிலும் முடிவைத் தீர்மானித்ததில் உள்ளூர்க் கோட்டைக் கதவுக்குப் பெரும் பங்கு இருந்தது.

அரியலூரும் உடையார்பாளையமும்

அரியலூரை மழவராயர் மரபினரும் உடையார்பாளையத்தைக் காலாட்கள் தோழ உடையார் மரபினரும் பாளையக்காரர்களாக ஆண்டனர். அடர்ந்த காடுகள் இப்பாளையங்களுக்கு அரணாக இருந்தன. ஆங்கில ஆவணங்களில் இவை 'அரியலோர்', 'வாரியோர்பொல்லம்' என்று வருகின்றன. இரண்டாம் கருநாடகப் போர் 1755 தொடக்கத்தில் ஓய்ந்த பின்னும் இவர்களுக்கு ஓய்வு கிட்டவில்லை. அவ்வாண்டு துறையூரில் தலையிட்ட பிரெஞ்சுப் படை அடுத்து இவ்விரு பாளையங்களிடம் கப்பம் வசூலிக்க நகர்ந்தது. இவை முகமது அலிக்கு உரியவை என்று சென்னைக் கம்பெனி ஆட்சேபித்தது. பாளையக்காரர் யாருக்குக் கப்பம் கட்டுவது என்பதை இரு கடல்கடந்த நிறுவனங்கள் தம்முள் வழக்காடின.

1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்து பிரெஞ்சு அதிகாரம் ஒடுங்கியது. அதன்பின் 1765-இல் நவாபின் மகன் உம்தத்துல் உமராவும் கம்பெனிப் படையும் சேர்ந்து அரியலூரையும் உடையார்பாளையத்தையும் கைப்பற்றிப் பாளையக்காரர்களை வெளியேற்றினர். டார்பியில் நிற்கும் பிரிட்டானியா வார்க்கப்பட்ட காலமும் இதுவே. பின்னர் ஆங்கிலேய ஆட்சியில் இம்மரபினர் சில ஊர்களுக்கு மட்டும் உரிமையுடைய ஜமீன்தார்களாயினர்.

கிழக்கின் காணிக்கை

பிரிட்டானியாவின் காலடியில் சிங்கமும் போர்க்கருவிகளும் மட்டுமே இருந்த நிலை நீடிக்கவில்லை. 1778-இல் இலண்டனின் கிழக்கிந்தியக் கம்பெனித் தலைமையகத்துக்காக ஸ்பிரிடியோனே ரோமா என்ற ஓவியர் விதான ஓவியம் ஒன்றை வரைந்தார். உயரமான பாறையில் பிரிட்டானியா அமர்ந்திருக்கிறாள். கீழே நிற்கும் இந்தியா என்னும் பெண் முத்தும் மணியும் சூழ்ந்த மகுடத்தை அவளிடம் நீட்டுகிறாள். சீனா நீட்டுவது பீங்கான் சாடி. வணிகத்தின் தெய்வமான மெர்க்குரி வழிகாட்டுகிறார். இந்தியாவும் சீனாவும் விற்ற பொருள்கள் இவ்வோவியத்தில் காணிக்கையாக மாறிவிட்டன. கைப்பற்றப்பட்டதும் வரியாகப் பிரிக்கப்பட்டதும் மனமுவந்து கொடுத்ததாகக் காட்டப்பட்டன. இவ்வோவியம் இன்று பிரித்தானிய வெளியுறவுத் துறைக் கட்டடத்தில் உள்ளது.

கங்கைகொண்ட சோழபுரத்தின் ஒப்புமை

வெற்றியை உருவமாக்கி நடுவூரில் வைப்பது ஐரோப்பியர் மட்டும் செய்தது அன்று. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திரன் தன் கங்கைப் படையெடுப்பின் நினைவாக 11-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தலைநகர். சோழகங்கம் என்னும் ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அந்த ஏரியே இன்றைய பொன்னேரி. கோயிலில் உள்ள சூரியபீடம் சாளுக்கிய நாட்டுக் கலைமரபைச் சேர்ந்தது. போரில் கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படுகிறது. தோற்ற நாட்டின் தெய்வ உருவங்களை வென்ற நாட்டின் கோயிலில் வைப்பது அக்கால வழக்கம். அவற்றைச் செய்த கலிங்க, சாளுக்கியச் சிற்பிகளின் மனநிலையைச் சோழர் கல்வெட்டுகள் பேசுவதில்லை.

இவ்வூரின் மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. இராசேந்திரனின் தூதுக்குழு 1033-இல் சீன அரசவையை அடைந்தது. மெய்சனில் சூளை மூட்டப்படுவதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியின் அரண்மனையில் பீங்கான் புழங்கியது.

1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதில் உள்ளிட்ட பகுதிகள் இடிக்கப்பட்டு அவற்றின் கற்கள் பயன்படுத்தப்பட்டன. அணை பாசனத்துக்கு உதவியது. கோயில் மதிலை இழந்தது. ஒரு பேரரசின் வெற்றிச் சின்னம் மற்றொரு பேரரசுக்குக் கட்டுமானக் கல்லாயிற்று.

மண்ணில் வடித்த நாடு

நாட்டைப் பெண்ணாக உருவகிக்கும் வழக்கம் பின்னர் இந்தியாவில் காலனி ஆட்சிக்கு எதிரான ஆயுதமாக மாறியது. 1905-இல் அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை ஓவியமாகத் தீட்டினார். அவர் வரைந்தவளின் கையில் ஈட்டி இல்லை. ஏடும் நெற்கதிரும் வெண்துணியும் செபமாலையும் இருந்தன. பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த ஆண்டுகளில் அங்கு பாரத மாதாவின் களிமண் உருவம் செய்யப்பட்டது. பிரிட்டானியா செல்வர் வீட்டு விருந்து மேசைக்காக வார்க்கப்பட்டவள். களிமண் பாரத மாதா அரசின் கண்காணிப்பில் வாழ்ந்தவர்களின் அறைகளுக்காகச் செய்யப்பட்டவள். பொருளும் உத்தியும் ஏறத்தாழ ஒன்றே. யார் செய்தார், யாரிடமிருந்து மறைத்து வைத்தார் என்பதே வேறுபாடு.

மதிப்பீடு

பிரிட்டானியா பீங்கான் உருவங்களைக் கலைப்பொருளாகப் பார்ப்பவர்கள் களிக்கலவை, பட்டறை, வண்ணம் ஆகியவற்றை ஆராய்கின்றனர். இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு 1884-இல் சார்லட் ஷ்ரைபர் சீமாட்டி வழங்கிய இங்கிலாந்துப் பீங்கான் தொகுப்பு இவ்வாய்வுக்கு முதன்மையான ஆதாரங்களில் ஒன்று. அவ்வாய்வு தேவையானது. ஆனால் இவ்வுருவங்கள் கொண்டாடிய போர்களின் களங்களில் ஒன்று தமிழகத்தில் உள்ளது என்பதையும் சேர்த்துப் படிக்கும்போதே பொருள் முழுமையாகிறது.

1751-இல் இலண்டனில் பிரிட்டானியா ஓர் இளவரசருக்காக அழுதாள். அதே ஆண்டு வாலிகண்டபுரத்தில் பேட்டை எரிந்தது. வீடிழந்தவர்களின் எண்ணிக்கையை யாரும் குறித்து வைக்கவில்லை. காயம்பட்ட ஐரோப்பியரைச் சுமந்து வந்த ஆப்பிரிக்க வீரர்களில் ஒருவர் பெயரும் பதிவாகவில்லை. உல்ஃபுக்கும் கிரான்பிக்கும் பீங்கான் உருவங்கள் கிடைத்தன.

இன்று ரஞ்சன்குடிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அரைவட்டக் கொத்தளங்களும் அகழியும் படிப்படியாக உயரும் மதில்களும் நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் படும். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2007 முதல் தனி மாவட்டமாக நிலைபெற்றுள்ளது. இக்கோட்டையைக் காண வரும் மாணவர்கள் ஆர்க்காட்டுக்கு முன் நடந்தது என்ன என்பதை இந்த மதில்களின் அடியிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.